கையெழுத்தில் இல்லாத ‘ம்’

ஒச்சம்மாளுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் சமைத்து ஓய்வு பெற்றவள். புருஷன் கருப்பு லோடு வண்டி ஓட்டினார். ஒரே மகள் பாண்டிமீனாவைக் கொட்டாம்பட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. கோச்சடையில் ஒண்ணேகால் சென்ட் இடத்தில் ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் குளியலறை என்று ஒரு வீடு. பதினைந்து வருஷக் கடனில், அவள் பெயரில் வாங்கியது.

இதற்கு மேல் அவளாக எதுவும் சொல்ல மாட்டாள். கேட்டால் பதில் வரும். கேட்ட அளவுக்கு வரும்.

2023 தை மாதம் கருப்புக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். மூக்கில் குழாய், கீழே குழாய். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் என்று என்னை அனுப்பினார்கள். முதல் நாளே ஒச்சம்மாளிடம் சொன்னேன்: “ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இவரப் புரட்டிப் போடணும். வலப்பக்கம், மல்லாக்க, இடப்பக்கம். மறந்தா முதுகு புண்ணாயிரும்.”

“சரிக்கா” என்றாள். ஏழு மாதம், பகலும் இரவும், ஒரு முறைகூட மறக்கவில்லை. ஆவணி மாதம் அவர் இறந்த அன்று நான்தான் குளிப்பாட்டினேன். முதுகில் ஒரு சிவப்புகூட இல்லை. நாற்பது வருஷத்தில் அப்படிப்பட்ட முதுகை நான் நான்கைந்து பேரிடம்தான் பார்த்திருக்கிறேன்.

அவள் அழவில்லை. தெருவில் அதைப் பற்றிப் பேசினார்கள். பதினாறு முடிந்தும் அழவில்லை என்றதும் இன்னும் கொஞ்சம் பேசினார்கள். ரொம்ப நேரம் மடக்கி வைத்த கால் மரத்துப் போகும், ஊசி குத்தினாலும் தெரியாது. அதற்காகக் கால் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

வாடகைக் கட்டில் திரும்பிப் போனது. தரையில் அதன் நாலு கால் பதிந்த தடம் மட்டும் நின்றுவிட்டது. ஒச்சம்மாள் அந்த அறையில் படுப்பதை விட்டுவிட்டு அடுப்படியில் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் பாய் போட்டாள். அதுவும் உதவவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடம்பு தானாக எழுந்துகொண்டது. எழுந்து அறைக்குப் போவாள், தடத்தின் பக்கத்தில் நிற்பாள், திரும்பி வந்து படுப்பாள். மாதக்கணக்கில் இப்படி. பிரஷர் ஏறிவிட்டது. காய்ச்சல் விவரம் சொல்வதைப் போல இதை என்னிடம் சொன்னாள்.

“அந்த வீட்டுல இருக்குற வரைக்கும் இது போகாது. மககிட்டப் போ” என்றேன்.

ஒரு மாதம் யோசித்தாள். பிறகு முடிவெடுத்தாள். வீட்டை விற்பது, மகள் வீட்டை ஒட்டிக் கிடக்கும் இடத்தில் தனக்கென்று ஒரு அறை கட்டிக்கொள்வது. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கடன் மிச்சத்தை 2024 மார்ச்சில் மொத்தமாகக் கட்டி முடித்தாள். பைபாஸ் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் சிவபாண்டி வீட்டைப் பார்த்து, பிடித்து, நாலு மாதத் தவணைக்கு அக்ரிமெண்ட் போட்டான். இனி வேண்டியது ஒன்றுதான். கடன் வாங்கும்போது கம்பெனியில் கொடுத்து வைத்த மூலப்பத்திரம்.

அந்த வீட்டுக்கடன் கம்பெனியின் பழைய கிளையை மூடி வேறொரு கிளையோடு சேர்த்திருந்தார்கள். புது ஆபீஸ், கண்ணாடிக் கதவு, யாரையும் தெரியாது. ஏப்ரல் முதல் வாரத்தில் போனபோது, பத்திரம் சென்னையிலிருந்து வர வேண்டும், இருபது நாள் ஆகும், போன் பண்ணுவோம் என்றார்கள். போன் வரவில்லை. மே மாதம் மூன்று முறை போனாள். ஜூனில் நானும் கூடப் போனேன். கவுண்டரில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் அடையாள அட்டை.

“பேர் சொல்லுங்கம்மா.”

“ஒச்சம்மா.”

“வீட்டுக்காரர் பேரு?”

ஒச்சம்மாள் கம்ப்யூட்டர் பக்கம் கையைக் காட்டினாள். புருஷன் பெயரை வாயால் சொல்லும் பழக்கம் அவர்கள் வீட்டுப் பெண்களுக்குக் கிடையாது. அவர் உயிரோடு இருந்தபோதும் இல்லை, இப்போதும் இல்லை.

“அதுலயே இருக்குமே தம்பி” என்றாள்.

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தான். “இன்னும் வரலம்மா. அடுத்த வாரம் வாங்க.”

“இத ஆறு வாரமாச் சொல்றீக.”

“நான் சேந்தே ரெண்டு வாரம்தாம்மா ஆச்சு” என்றான். அது அவன் குற்றமில்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. ஒச்சம்மாளுக்கு வரவில்லை. நாற்காலியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு, “வாரேன்ப்பா” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஜூலையில் மேனேஜர் என்பவரே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, காபி வரவழைத்து, பத்திரம் இன்னும் தேடப்படுகிறது என்றார். பத்திர ஆபீஸில் சான்றிட்ட நகல் வாங்கித் தருகிறோம், அதுவும் ஒரிஜினலும் ஒன்றுதான் என்றார். ஒச்சம்மாள் அதைப் போய்ச் சிவபாண்டியிடம் சொன்னாள்.

“அத்த, எனக்கு நகல் போதும். உங்கள எனக்குத் தெரியும்” என்றான் அவன். “எனக்கு லோன் குடுக்குற பேங்குக்காரன் ஒரிஜினல் இல்லாமக் கிட்டவே சேக்க மாட்டேங்குறான். ஒரிஜினல அடமானம் வச்சு எங்கயும் கடன் வாங்கிருக்கீகளோன்னு கேக்குறான்.”

“வாங்கினதக் கட்டி முடிச்சதுக்குத்தேன்யா இந்தப் பாடு.”

“அதத்தேன் நானும் சொன்னேன். அவன் சிரிக்கிறான்.”

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனோம். பத்திரம் காணவில்லை, தேடியும் கிடைக்கவில்லை என்று சான்று வாங்கினால் ஏதாவது வழி உண்டா என்று கேட்கத்தான். எழுத்தர் பொறுமையாகக் கேட்டார். “தொலச்சது யாரு? கம்பெனிதான? அப்ப அவய்ங்க வந்து எழுதிக் குடுக்கணும். நீங்க எழுதிக் குடுத்தா நீங்க தொலச்சதா ஆயிரும்மா” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பல பேர் அவசரத்தில் தாங்களே தொலைத்ததாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் கம்பெனி மேல் பேச வாயில்லை.

கோர்ட் வளாகத்தில் இலவசச் சட்ட உதவி மையம் இருக்கிறது. பெண்கள் யார் வேண்டுமானாலும் போகலாம், வருமானம் கேட்பதில்லை. அங்கே எங்களுக்குக் கிடைத்த வக்கீல் முனீஸ்வரி. முப்பது வயது இருக்கும். காகிதங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தாள். கடன் முடிந்ததற்கான கடிதத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

“மார்ச்சுல முடிச்சிருக்கீங்க. முப்பது நாளுக்குள்ள பத்திரத்தக் கையில குடுத்திருக்கணும். ரிசர்வ் பேங்க் உத்தரவு. தாமதமானா நாள் ஒண்ணுக்கு ஐயாயிரம் ரூபா உங்களுக்குத் தரணும். தொலச்சிருந்தா நகல் வாங்குற செலவும் அவங்களோடது, அதுக்கு இன்னொரு முப்பது நாள். உங்ககிட்ட யாரும் சொல்லலையா?”

“காபி குடுத்தாக” என்றாள் ஒச்சம்மாள்.

முனீஸ்வரி சிரித்துவிட்டாள். அவள் சிரிப்பதைப் பார்த்து ஒச்சம்மாள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நகைச்சுவைக்காகச் சொன்னது இல்லை அது.

முதலில் கம்பெனியின் புகார் அதிகாரிக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். இதுவரை வாயால் கேட்டதெல்லாம் கணக்கில் வராது, இனி எல்லாம் எழுத்தில் என்று முனீஸ்வரி கறாராகச் சொன்னாள். போன தேதிகளை என்னிடம் கேட்டாள். நோயாளிக்குக் கொடுத்த மருந்தை நேரம் போட்டு எழுதிப் பழகிய கை, ஆபீஸுக்குப் போன நாட்களையும் எழுதி வைத்திருந்தது. பதினோரு தடவை. கம்பெனியிலிருந்து ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது’ என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதோடு சரி. செப்டம்பரில் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டாள்.

அதற்குள் சிவபாண்டியின் தவணை முடிந்துவிட்டது. அவனும் இரண்டு மாதம் கூடப் பொறுத்தான். பிறகு விராட்டிபத்துப் பக்கம் வேறு வீடு பார்த்துக்கொண்டான். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒச்சம்மாள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். “புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அங்கிட்டுப் பக்கந்தான?” என்று விசாரித்தாள். அவன் போன பிறகு எப்போதும் போல அரிசி களைந்தாள். அன்று ராத்திரி நாலு தடவை எழுந்ததாக மறுநாள் சொன்னாள். அதுதான் அவளுக்கு வருத்தம் வந்ததற்கு அடையாளம். வேறு அடையாளம் தேடினால் கிடைக்காது.

வழக்கு இழுத்தது. கம்பெனி வக்கீல் இரண்டு முறை வரவில்லை, ஒரு முறை அவகாசம் கேட்டார். 2025 ஜூலையில் பதில் மனுவோடு ஒரு பெரிய ரெஜிஸ்டரைக் கொண்டுவந்தார். ஏப்ரல் 29, 2024 அன்று மனுதாரர் நேரில் வந்து மூலப்பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார், பணம் பறிக்கவே இந்த வழக்கு என்றார்.

முனீஸ்வரி ஒச்சம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில், வாங்கிவிட்டு மறந்துவிட்டாளோ என்கிற சந்தேகம் ஒரு நொடி இருந்தது. ஒச்சம்மாள் முன்னே போய் அந்தப் பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாள்.

“இது நான் போட்டதில்ல” என்றாள்.

“உங்க பேருதானம்மா போட்டிருக்கு?” என்றார் கம்பெனி வக்கீல்.

“பேரு என் பேருதேன். இதுல நடுவுல ஒரு ம் இருக்கு. நான் அந்த ம் போட மாட்டேன்.”

யாருக்கும் புரியவில்லை. ஆணையத் தலைவராக இருந்தவர் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் நின்றபடியே போட்டாள். ‘ஒச்சமாள்’. கடன் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் முனீஸ்வரி புரட்டினாள். அத்தனை பக்கத்திலும் ஒச்சமாள். ஆதார் விண்ணப்பத்தின் நகலிலும் ஒச்சமாள். ரெஜிஸ்டரில் மட்டும் ‘ஒச்சம்மாள்’, சாய்வான, படித்த எழுத்து.

“ஏம்மா அப்படிப் போடுறீங்க?” என்று தலைவர் கேட்டார்.

“அறிவொளி வகுப்புல கத்துக் குடுத்தாக. சிலேட்டுல நடுவுல ஒரு ம் எழுத எடம் பத்தல. அடுத்த வாரம் பெரிய சிலேட்டு தாரேன்னாக. தரல. அப்படியே பழகிப்போச்சு.”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தலைவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு கம்பெனி வக்கீல் பக்கம் திரும்பினார். அப்போது சிரிப்பு இல்லை. “இந்த ரெஜிஸ்டர்ல போன் நம்பர் எழுதியிருக்கே. அது யாரோட நம்பர்னு பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. பதினைந்து மாதமாக யாரும் பார்க்கவில்லை.

அடுத்த வாய்தாவுக்கு அந்த நம்பருக்கு உரியவளே வந்தாள். பேரையூருக்குப் பக்கத்து ஊர்க்காரி. அவளும் ஒச்சம்மாள்தான். எங்கள் மேற்குப் பக்கம் குலதெய்வத்தின் பெயரை வீட்டுக்கு ஒரு பெண்ணுக்காவது வைப்பார்கள். ஒரு தெருவில் நின்று ஒச்சம்மா என்று கூப்பிட்டால் நாலு வாசலில் பதில் வரும். சென்னையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது தெரியாது. இங்கே கவுண்டரில் இருப்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐம்பது வயது, எட்டாம் வகுப்புப் படித்தவள், மடியில் ஒரு மஞ்சப்பை. வராந்தா பெஞ்சில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்ததுமே பேச ஆரம்பித்துவிட்டாள்.

“எங்கிட்டச் சத்தம் போடாதீக. என்மேல ஒரு தப்பும் இல்ல. ஒச்சம்மாளா, பத்திரம் வாங்கிட்டுப் போங்கன்னு அவய்ங்கதேன் போன் பண்ணினாய்ங்க. வந்தேன். வீட்டுக்காரர் பேரென்னன்னான். எப்புடிச் சொல்றது? அதுலயே இருக்குமேன்னேன். சரி, இங்க கையெழுத்துப் போடுங்கன்னான். போட்டேன். கவரக் குடுத்தான்.”

“கவரப் பிரிச்சுப் பாக்கலையா?” என்றாள் முனீஸ்வரி.

“ஒட்டிக் குடுத்தான். ஒட்டுனத எதுக்குப் பிரிக்கணும்? பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்.”

“உங்க கடன் முடிஞ்சிருச்சா?”

அவள் சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். “இன்னும் ரெண்டு வருசத் தவண இருக்கு.”

“கட்டி முடிக்கிறதுக்கு முன்னாடியே பத்திரம் குடுத்தா, ஏன்னு கேக்க வேண்டாமா?”

“நல்லாருக்கே! கேட்டா, அடடா தப்பா வந்துருச்சு, குடுங்கன்னு வாங்கிக்கிருவாய்ங்க. எலெக்சன் நேரம் வேற. ஏதோ தள்ளுபடி போலருக்கு, முதல்ல பத்திரத்தக் குடுக்குறாய்ங்க, பெறகு பணத்தத் தள்ளுவாய்ங்கன்னு நெனச்சேன். யாருகிட்டயும் மூச்சு விடல. தவண மட்டும் மாசமாசம் கட்டிக்கிட்டுத்தேன் இருக்கேன், சந்தேகம் வந்துறக் கூடாதுன்னு.”

முனீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

“ஒங்க வீட்டுக்காரர் பேரு என்ன?” என்று எங்கள் ஒச்சம்மாள் அவளைக் கேட்டாள். ஆணையத்துக்கு வர ஆரம்பித்ததிலிருந்து அவளாக ஒருத்தரைக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

பேரையூர்க்காரி வாசல் பக்கம் கையைக் காட்டினாள். “அந்தா டீ குடிச்சுக்கிட்டு நிக்கிறாக பாருங்க. அவுகளையே கேளுங்க.”

வேப்ப மரத்தடியில் வெள்ளை வேட்டியோடு ஒருவர் நின்றார். முனீஸ்வரி போய்க் கேட்டுவிட்டு வந்தாள். முத்திருளன்.

கருப்பு, முத்திருளன். கவுண்டரில் இருந்தவன் இன்னொரு முறை கேட்டிருந்தால், அல்லது அவனே கவரின் மேல் இருந்த பெயரைப் படித்துக் காட்டியிருந்தால், அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். எங்கள் ஒச்சம்மாளிடமும் அவர்கள் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை வாங்கி, அதே மாதிரி விட்டார்கள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

ஒச்சம்மாள் அந்த மனிதரை டீ குடித்து முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மஞ்சப்பையை வாங்கினாள்.

கவர் அப்படியே இருந்தது, பசைகூடப் பிரியவில்லை. முனீஸ்வரி ஆணையத்தின் முன்னால் வைத்துப் பிரித்து, நான்கெல்லையைப் படித்துச் சரிபார்த்தாள். வடக்கே சுந்தரம்மாள் வீடு, தெற்கே பொதுப்பாதை. எல்லாம் கோச்சடை வீடுதான். பேரையூர்க்காரியின் பத்திரம் கம்பெனியில் பத்திரமாக இருப்பதாகக் கம்பெனி வக்கீல் எழுதிக் கொடுத்தார். அதைக் கண்ணால் பார்க்காமல் வாய்தா முடியாது என்று அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அது வேறு கதை.

தீர்ப்பு ஒச்சம்மாளுக்குச் சாதகமாக வந்தது. தாமதமான நாட்களுக்குப் பணம், மன உளைச்சலுக்குத் தனியாக, வழக்குச் செலவு தனியாக. கம்பெனி உடனே மேல்முறையீட்டுக்குப் போவதாகச் சொன்னது. இரண்டு நாள் கழித்துப் பாதித் தொகைக்குச் சமாதானம் பேச ஆள் அனுப்பியது. முனீஸ்வரிக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஒத்துக்காதீங்கம்மா. மேல்முறையீட்டுலயும் நாமதான் ஜெயிப்போம். ரெண்டு வருசம் ஆகும், அவ்வளவுதான்.”

“ரெண்டு வருசம் அந்த அடுப்படியிலயா படுக்கணும்?” என்றாள் ஒச்சம்மாள். “எனக்கு வீட்ட விக்கணும்மா. குடுக்குறத வாங்கிக் குடு.”

முனீஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் அவளுக்குச் சாதகமாகப் பேசவில்லை. சட்டப்படி அவள் சொன்னது சரி. ஆனால் இரண்டு வருஷம் தூங்காமல் இருக்கப் போவது அவள் இல்லை. பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, இனி வழக்கில்லை என்று ஒச்சம்மாள் எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த தை மாதம் வீடு விற்றது. வாங்கியவர்கள் புதிதாகக் கல்யாணமானவர்கள். அறையை அளந்துவிட்டுத் தரைக்கு டைல்ஸ் போடப் போவதாகச் சொன்னார்கள். நல்லது என்றாள் ஒச்சம்மாள். பத்திர ஆபீஸில் அன்று நல்ல கூட்டம். சாட்சிக் கையெழுத்துக்கு நான் போயிருந்தேன். எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார்.

“பேரு?”

“ஒச்சம்மா.”

“கணவர் பேரு?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள். “கருப்பு. எறந்துட்டாக.” வீட்டு எண்ணைச் சொல்வது போலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, “இவனுக்கும் சொல்லாம விட்டுட்டா இன்னும் ரெண்டு வருசம் அலையணும்க்கா” என்றாள்.

கையெழுத்துப் போட்டதும் எழுத்தர் பார்த்தார். “ம்மா, ஒரு ம் விட்டுட்டீங்க.”

“விடல. அப்புடித்தேன்” என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

கொட்டாம்பட்டியில் அவள் அறை மகள் வீட்டுக்குக் கிழக்குப் பக்கம். சிமெண்ட் தரை, ஒரு ஜன்னல், ஒரு நார்க்கட்டில். நான் போன மாதம் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிரஷர் பார்த்தேன், கொஞ்சம் இறங்கியிருந்தது. பாண்டிமீனா காபி கொண்டுவந்தாள். அம்மா இங்கேயும் யாரோடும் பேசுவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள். பேசாவிட்டால் என்ன, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா பார் என்றேன்.

கிளம்பும்போது ஒச்சம்மாளைக் கேட்டேன். “ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிற?”

யோசித்தாள். “நேத்து ரெண்டு.”

“எந்திரிச்சு?”

“ஒண்ணும் இல்லக்கா. எங்கிட்டுப் போறதுன்னு தெரியல. திரும்பப் படுத்துட்டேன்.”